பகிரப் பகிர வளர்ந்த சதுரங்க நிரல்

சதுரங்கத்தில் மனிதர் எவரையும் வெல்லவல்ல கணினி நிரல் ஒன்று இன்று உலகில் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் என்பது அதன் பெயர். உலகச் சாம்பியன்கள் தம் ஆட்டங்களை ஆராய நாடுவது அதனையே. நம் இல்லத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் ஓர் ஆட்டத்தை ஆடி முடித்ததும், "இந்த இடத்தில் தவறினாய்" என்று சுட்டிக்காட்டுவதும் பெரும்பாலும் அதுவே. இத்துணை ஆற்றல் வாய்ந்த பொருளுக்கு விலை என்னவாக இருக்கும் என எவரும் வினவக்கூடும். விலை ஏதும் இல்லை. பெருநிறுவனம் எதுவும் அதனை உருவாக்கவில்லை. ஓய்வுப் பொழுதில் ஆர்வத்தின் பொருட்டு உழைத்த சிலர் தொடங்கி வைக்க, பல நாட்டினர் சேர்ந்து அதனை வளர்த்தனர். அதன் மூலநிரலை, அதாவது கணினிக்கு இடப்பட்ட கட்டளைகள் அனைத்தையும், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

விற்றிருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஒன்றை இவ்வாறு வாரி வழங்கியவர்கள் பெற்றது என்ன? வழங்கும்போது அவர்கள் விதித்த நிபந்தனை என்ன? அந்நிபந்தனை மீறப்பட்டபோது நேர்ந்தது என்ன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சதுரங்கம் ஆடுவது பற்றி ஃபிக்ஹுக் கலை அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு தனியே பேசப்பட வேண்டிய பொருள். அதனுள் நாம் இங்குப் புகவில்லை.

பழைய மரபு ஒன்று

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றி, பாரசீகம் வழியே அரபுலகை அடைந்து, 'ஷத்ரஞ்ச்' எனப் பெயர் பெற்றது. 'ஷாஹ் மாத்' என்னும் தொடரே ஆங்கிலத்தில் 'செக்மேட்' எனத் திரிந்தது. அப்பாசியர் காலத்தில் இவ்விளையாட்டைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அல்-அத்லீ தாம் கண்டறிந்தவற்றை நூலாக வடித்தார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்-ஸூலீ அவற்றை ஆராய்ந்து, குறை கண்ட இடத்தில் குறையென்று கூறி, தம் நூலை இயற்றினார். அஸ்-ஸூலீ விட்டுச் சென்ற கடினமான புதிர் ஒன்று பல நூற்றாண்டுகளாக விடை காணப்படாமலே கிடந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய நிபுணர் யூரி அவெர்பாக் என்பவரால் அவிழ்க்கப்பட்டது. முன்னவர் தம் அறிவைப் பூட்டி வைத்திருந்தால் பின்னவர் அதனைச் சோதித்திருக்கவும் முடியாது, மேம்படுத்தியிருக்கவும் முடியாது.

மதரஸாவில் ஓதப்படும் கிதாபுகளின் அமைப்பை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். மூல ஆசிரியரின் 'மத்ன்' ஒன்று. அதற்கு வேறொருவர் வரைந்த 'ஷரஹ்' ஒன்று. ஓரத்தில் பிறிதொருவர் சேர்த்த 'ஹாஷியா' ஒன்று. ஒரே பக்கத்தில் மூன்று நூற்றாண்டு மனிதர்கள் உரையாடுவர். எவர் சொன்னது எது என்பது மட்டும் ஒருபோதும் கலந்துவிடாது. திறந்த மூலநிரல் என்று இன்று வழங்கப்படும் முறை ஏறத்தாழ இதுவே எனலாம்.

நிரல் எவ்வாறு சிந்திக்கிறது?

அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரையே கணினிச் சதுரங்கத்தின் அடித்தளம் எனப் போற்றப்படுகிறது. ஆடக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை எழுதப் புகுந்தால் 1-ஐ அடுத்து 120 சுழிகள் இட வேண்டியிருக்கும் என அவர் மதிப்பிட்டார். எனவே அனைத்தையும் ஆராய்வது எந்தக் கணினிக்கும் இயலாது. சிலவற்றை ஆராய்ந்து, நல்லதைத் தேர்வதே வழி.

அதற்கு ஒரு சதுரங்க நிரலில் மூன்று உறுப்புகள் தேவை. முதலாவது, விதிப்படி எந்தெந்தக் காய் எங்கெங்கு நகரலாம் எனப் பட்டியலிடும் பகுதி. பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. இன்றைய கணினியோ 64 இருமக் குறிகளை ஒரே எண்ணாகக் கையாள்கிறது. எனவே ஒரு வகைக் காய்கள் நிற்கும் கட்டங்கள் அனைத்தையும் ஒரே எண்ணில் குறித்துவிட முடிகிறது. இப்பொருத்தத்தை நிரலாளர் பலர் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

இரண்டாவது, மதிப்பிடும் பகுதி. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9 என மதிப்பிட்டு, எவர் பக்கம் வலிமை மிகுந்துள்ளது எனக் கணிப்பது இதன் எளிய வடிவம். அரசனின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு முதலியனவும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, தேடும் பகுதி. 'நான் இதை நகர்த்தினால் அவர் எதை நகர்த்துவார், அதற்கு நான் என்ன செய்வேன்' எனப் பல அடிகள் முன்னே சென்று பார்ப்பது இதன் பணி. இங்கே 'ஆல்ஃபா-பீட்டா' எனப்படும் உத்தி ஒன்று உண்டு. வெளியூர் செல்ல நல்ல சாலை ஒன்றை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறோம். மற்றொரு சாலையை விசாரிக்கையில் அதிலுள்ள பாலம் இடிந்துவிட்டது எனத் தெரிகிறது. அச்சாலையில் வேறு என்னென்ன இடர்கள் உள்ளன என்று மேலும் விசாரிப்போமா? மாட்டோம். நிரலும் அவ்வாறே பயனற்ற கிளைகளை வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு நிலையிலும் 30 நகர்த்தல்கள் இருப்பதாகக் கொண்டால், நான்கு அடிகளுக்கு அப்பால் 8,10,000 நிலைகள் வரும். நல்ல நகர்த்தல்களை முதலில் ஆராயும்படி வரிசை அமைந்துவிட்டால், அவற்றுள் 1,799 நிலைகளைப் பார்த்தாலே போதும்; அதே விடை கிடைத்துவிடும்.

பிழை காட்டும் எண்கள்

இத்துறையில் இறங்கும் புதியவர் முதலில் சந்திப்பது பிழைகளே. வழிச் சிப்பாயை வெட்டும் சிறப்பு விதி, அரசனும் கோட்டையும் இடம் மாறும் விதி ஆகியவற்றில் சறுக்காதவர் அரிது. இப்பிழைகளைக் கண்டறிய ஆர்வலர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. 'பெர்ஃப்ட்' என்பது அதன் பெயர்.

ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உள்ளன. கறுப்பும் ஆடிய பின் 400 வழிகள். மூன்றாம் அடியில் 8,902. நான்காம் அடியில் 1,97,281. ஐந்தாம் அடியில் 48,65,609. ஆறாம் அடியில் 11,90,60,324. தாம் எழுதிய நிரல் இவ்வெண்களை அப்படியே தருகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை உள்ளது என்பது உறுதி. முகமறியாத ஒருவர் கணக்கிட்டு வெளியிட்ட எண், மற்றொரு நாட்டில் தனித்திருந்து உழைக்கும் மாணவனுக்கு ஆசானாக அமைவதைக் காண்கிறோம்.

மற்றொரு கொடையையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஜெர்மானியரான ஸ்டெஃபன் மேயர்-காலன் என்பவரும் ருடால்ஃப் ஹூபர் என்பவரும் 2000ஆம் ஆண்டில் யூ.சி.ஐ. என்னும் பொது உரையாடல் முறையை வகுத்து, எவரும் பயன்படுத்த விட்டுவிட்டனர். பலகையைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளும், சிந்திக்கும் நிரலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி அது. இதன் பயனாக, புதியவர் பலகை வரையும் வேலையில் காலம் செலவிடாமல், சிந்திக்கும் பகுதியை மட்டும் எழுதினாலே போதும் என்ற நிலை ஏற்பட்டது.

கருவாட்டின் பெயரில் ஒரு நிரல்

நார்வே நாட்டினரான டோர்ட் ரோம்ஸ்டட் என்பவர் 'கிளவுருங்' என்னும் சதுரங்க நிரலை எழுதி, மூலநிரலுடன் வெளியிட்டிருந்தார். இத்தாலியரான மார்க்கோ கோஸ்டால்பா அதனை எடுத்துத் திருத்தி, 2008 நவம்பரில் புதிய பெயரில் வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்றால் உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீன். நம் வழக்கில் சொன்னால் ஒரு வகைக் கருவாடு. அக்கருவாடு நார்வேயில் உலர்த்தப்பட்டு, இத்தாலியில் விரும்பிச் சமைக்கப்படுகிறது. நிரலும் நார்வேயில் உருவாகி, இத்தாலியில் சமைக்கப்பட்டதன்றோ? பெயரிலேயே முன்னவருக்கு நன்றி அமைந்துவிட்டது. பின்லாந்து நாட்டினரான யூனா கீஸ்கி என்பவரும் விரைவில் இணைந்தார்.

தொடக்கத்தில் இரு நிரல்களும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டன. தம் நிரலைவிட அதன் வழித்தோன்றல் வலிமை பெற்றுவிட்டதைக் கண்ட ரோம்ஸ்டட், பொறாமை கொள்ளாமல் தம் நிரலை நிறுத்திவிட்டுப் புதியதற்கே துணை நின்றார். 2014 ஜூனில் கோஸ்டால்பா பொறுப்பிலிருந்து விலகியபோதும் பணி தடைப்படவில்லை. மூலநிரல் அனைவர் கையிலும் இருந்தமையால் மற்றவர்கள் எடுத்து நடத்தினர். தொடங்கியவர் விலகினாலும் நிற்காத பணி என்பது எளிதில் வாய்ப்பதன்று.

பல கைகள் சேர்ந்த பணி

ஒரு சிறு திருத்தம் நிரலை வலிமையாக்கியதா என எவ்வாறு அறிவது? பழைய நிரலோடு புதியதை மோதவிட்டுப் பார்க்க வேண்டும். பத்து ஆட்டங்கள் ஆடினால் விடை தெரியாது. தற்செயலாகவும் ஒன்று வெல்லக்கூடும். நுண்ணிய முன்னேற்றத்தை உறுதிப்படுத்தப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவைப்படும். தனி மனிதரின் ஒரு கணினிக்கு இது பெருஞ்சுமை.

கேரி லின்ஸ்காட் என்பவர் 2013இல் 'ஃபிஷ்டெஸ்ட்' என்னும் அமைப்பை உருவாக்கி இதற்குத் தீர்வு கண்டார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் வீட்டுக் கணினி ஓய்ந்திருக்கும் வேளையை இதற்குக் கொடையாக அளிக்கின்றனர். ஒருவர் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தால், இக்கணினிகள் அனைத்தும் பங்கிட்டு ஆட்டங்களை ஆடித் தீர்ப்புக் கூறுகின்றன. முன்மொழிந்தவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா என்ற வேறுபாடு அங்கு இல்லை. முன்மொழியப்படும் திருத்தங்களுள் பெரும்பாலானவை தோற்றுப் போகின்றன, சிலவே ஏற்கப்படுகின்றன. இதுவரை பல நூறு கோடி ஆட்டங்கள் இவ்வாறு ஆடப்பட்டுள்ளன. 2014இலேயே டி.சி.இ.சி. எனப்படும் கணினிச் சதுரங்கத் தொடரின் ஆறாம் போட்டியில் ஸ்டாக்ஃபிஷ் முதலிடம் பெற்றது.

கொடுத்தது திரும்பி வந்தது

2017 டிசம்பரில் சதுரங்க உலகம் அதிர்ந்தது. கூகுளைச் சார்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்னும் நிரல், தனக்குத்தானே ஆடிக் கற்று, ஸ்டாக்ஃபிஷின் எட்டாம் பதிப்பை 100 ஆட்டங்களில் சந்தித்தது. 28 ஆட்டங்களில் வென்றது, 72 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன, ஒன்றிலும் தோற்கவில்லை. ஆயினும் அதன் மூலநிரலை நிறுவனம் வெளியிடவில்லை. வழிமுறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரை மட்டுமே வெளிவந்தது.

அக்கட்டுரையைக் கொண்டே 2018இல் தன்னார்வலர்கள் 'லீலா செஸ் ஸீரோ' என்னும் திறந்த நிரலைக் கட்டமைத்தனர். தொடங்கி வைத்தவர் ஃபிஷ்டெஸ்டைத் தந்த அதே லின்ஸ்காட். அதற்குத் தேவைப்பட்ட கோடிக்கணக்கான பயிற்சி ஆட்டங்களும் ஆர்வலர்களின் கணினிகளிலேயே ஆடப்பட்டன.

அதே 2018இல் ஜப்பானில் மற்றொரு நிகழ்வு. அந்நாட்டவர் 'ஷோகி' என்னும் தம் சொந்தச் சதுரங்கத்தை ஆடுவர். அங்குள்ள நிரலாளர் சிலர் ஸ்டாக்ஃபிஷின் தேடும் பகுதியை எடுத்துத் தம் ஷோகி நிரல்களில் பயன்படுத்தி வந்தனர். அவர்களிடையே யூ நாசு என்பவர், விலையுயர்ந்த வரைகலைச் சில்லு இல்லாத சாதாரணக் கணினியிலும் விரைந்து இயங்கக்கூடிய நரம்புப் பின்னல் மதிப்பீட்டு முறையைக் கண்டறிந்தார். மூளையின் நரம்புகள் இணைந்திருக்கும் பாங்கைப் பின்பற்றி, எடுத்துக்காட்டுகளைக் கொண்டு கற்கும் கணக்கு முறையையே நரம்புப் பின்னல் என்கின்றனர். ஹிசயோரி நோடா என்பவர் அதனை ஸ்டாக்ஃபிஷுக்கு ஏற்பப் பொருத்தித் தந்தார். 2020 செப்டம்பரில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டு, நிரலின் வலிமை பெரிதும் உயர்ந்தது. பின்னர் லீலாவின் ஆட்டங்களும் அதற்குப் பயிற்சிப் பாடங்களாயின.

ஐரோப்பியர் கொடுத்ததை ஜப்பானியர் பெற்றனர், வளர்த்தனர், கூடுதலாகத் திருப்பித் தந்தனர். முதலில் கொடுத்தவர்கள் கதவை அடைத்திருந்தால், திரும்பி வரும் வழியும் அன்றே அடைபட்டிருக்கும்.

நிபந்தனை மீறப்பட்டபோது

வாரி வழங்குவது என்பதால் நிபந்தனையே இல்லை என எண்ணிவிடலாகாது. ஸ்டாக்ஃபிஷ் வெளியிடப்படுவது ஜி.என்.யூ. பொது உரிமத்தின் கீழ். எவரும் பயன்படுத்தலாம், கற்கலாம், மாற்றலாம், விலைக்கு விற்பதற்கும் தடையில்லை. ஆனால் மாற்றியதைப் பிறருக்கு அளிக்கும்போது அதன் மூலநிரலையும் அளித்தல் வேண்டும். உரிமைக் குறிப்புகளை மறைத்தல் கூடாது. பெறுபவருக்கும் அதே உரிமைகள் கிட்ட வேண்டும். 'எமக்குக் கிடைத்த கதவைப் பிறருக்கு அடைக்காதீர்' என்பதே இதன் சாரம்.

இந்நம்பிக்கை சில வேளைகளில் சோதனைக்கு உள்ளானது. பிரான்ஸ் நாட்டினரான ஃபேபியன் லெட்டூசே 'ஃப்ரூட்' என்னும் நிரலை எழுதி, அதன் 2.1 பதிப்பை 2005இல் மூலநிரலுடன் வெளியிட்டார். தெளிவாக எழுதப்பட்ட அந்நிரல் பலருக்கும் பாடநூலாயிற்று. பின்னர் 'ரிப்கா' என்னும் வணிக நிரல் 2007 முதல் 2010 வரை உலகக் கணினிச் சதுரங்கப் பட்டங்களை வென்றது. அதில் ஃப்ரூட், கிராஃப்டி ஆகிய நிரல்களின் பகுதிகள் உரிய ஒப்புகையின்றி எடுத்தாளப்பட்டுள்ளன எனச் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம் 2011இல் முடிவு செய்து, பட்டங்களைப் பறித்தது. இம்முடிவை ஏற்காத நிபுணர்களும் உளர். எனினும் எங்கிருந்து பெற்றோம் எனச் சொல்லாமல் விட்டால் சொந்த உழைப்பும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 'ஃபேட் ஃப்ரிட்ஸ் 2' என்னும் நிரலை விலைக்கு வெளியிட்டது. அது பெரும்பாலும் தங்கள் நிரலே என்றும், வாங்குவோருக்கு உரிமம் கோரும் விவரங்கள் முறையாகத் தரப்படவில்லை என்றும் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் முறையிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர்களுள் ரோம்ஸ்டட்டும் ஒருவர். 2022 நவம்பரில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களை ஓராண்டுக் காலம் விற்பதில்லை எனவும், உரிம விதிகள் பேணப்படுவதைக் கவனிக்கத் தனிப் பொறுப்பாளரை அமர்த்துவது எனவும் அந்நிறுவனம் ஏற்றது. அவர்கள் கேட்டது பணத்தை அன்று என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. பயனாளருக்கு உண்மை தெரிவிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே நீதிமன்றப் படியேறினர்.

தொடங்க விரும்பும் இளையோருக்கு

நம் இல்லங்களில் கணினி கற்கும் மகனோ மகளோ இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பினால், பெற்றோர் ஊக்கமளிக்கலாம். வீட்டிலுள்ள சாதாரணக் கணினியே போதும். முதலில் நகர்த்தல்களைப் பட்டியலிடும் பகுதியை எழுதி, மேலே கூறிய எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். பிறகு காய்களின் மதிப்பும், ஆல்ஃபா-பீட்டா தேடலும் சேரட்டும். யூ.சி.ஐ. முறையை இணைத்துவிட்டால் எந்தப் பலகை மென்பொருளிலும் தம் நிரலோடு ஆடிப் பார்க்கலாம். அதன்பின் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் முந்தைய பதிப்போடு மோதவிட்டுச் சோதிக்கட்டும். தம் எண்ணம் தவறெனக் கணக்கு காட்டும்போது அதை மனமார ஏற்கும் பண்பு இதனால் வளரும்.

ஸ்டாக்ஃபிஷின் வரிகளைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் ஒரே நாளில் வலிமையான நிரல் கிடைத்துவிடும். அவ்வாறு செய்பவர் கற்பது ஏதுமில்லை. பிறர் வகுத்த உத்தியைக் கற்றுத் தம் சொற்களில் எழுதுவது அனைவரும் ஏற்ற முறை. வரிகளையே எடுத்தாள நேர்ந்தால், உரிமம் என்ன சொல்கிறது எனப் படித்து, அதன்படி நடத்தல் வேண்டும். போட்டி ஆட்டத்தின் நடுவே நிரலிடம் யோசனை கேட்பது மோசடி என்பதையும் சிறார்க்கு இப்போதே சொல்லி வைத்தல் நன்று.

நிரல் ஓரளவு ஆடத் தொடங்கியதும் அதனைத் தயங்காமல் வெளியிடலாம். உடன் ஒரு குறிப்பும் இருக்கட்டும்: நிரலை இயக்கும் முறை, தெரிந்த குறைகள், எந்த உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது என்பது, எவரெவரிடமிருந்து எவற்றைக் கற்றோம் என்பது. இவ்விறுதி வரியை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதனை எழுதாமல் விட்டதால் எழுந்த வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் நீண்டன.